வெந்நீரக்காவும் மீசைச் சக்கரும்

நான் அறை பார்க்கப் போன அன்று வெந்நீரக்கா சாவியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். முன்பு குடியிருந்தவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன சாவி. சின்னப் பாத்திரத்துக்குள் அது குதித்துக் குதித்துச் சத்தம் போட்டது. இடுக்கியால் எடுத்து, துணியில் துடைத்து, என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது.

"இப்பதான் இது உங்க சாவி, தம்பி" என்றார்.

அக்கா ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். கத்தியும் கத்தரியும் ரத்தக் கறையோடு ஒரு ஜன்னல் வழியாக உள்ளே வரும். கழுவி, உலர்த்தி, பொட்டலம் கட்டி, அங்கே எல்லாரும் குக்கர் என்று சொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து நீராவி காட்டி, இன்னொரு ஜன்னல் வழியாக அனுப்புவார்கள். எந்தச் சிக்கலுக்கும் அக்கா முதலில் சொல்வது வெந்நீர் என்பதால் நர்சுகள் வைத்த பெயர் அது. ஆஸ்பத்திரி விழா ஒன்றில் பெரிய டாக்டர் மைக்கைப் பிடித்து, "இந்த அம்மா கைபட்டா ஒரு உயிர் தப்பாது" என்று சொல்ல, கூட்டம் எழுந்து கைதட்டியதாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அக்காவின் முகம் மலரும்.

நான் குடிதண்ணீர் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான், வேதியியலில் பட்டம். சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்ட ஓர் ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டபோது, அக்கா ஆணியையும் கழுவித்தான் கொடுத்தார். அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். அக்காவின் கணவர் என்பதால் எனக்கு மாமா. அந்தச் சட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து நான் அவருக்கு டிகிரி மாப்ள.

கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி வந்தது நான் குடிவந்த நாலாம் மாதம். ஆஸ்பத்திரியில் குழந்தைகள் காத்திருக்கும் கூடத்தில் இருந்த தொட்டி அது. அந்த இடத்தில் டிவி வைக்கப்போவதாகச் சொல்லித் தூக்கிப் போட இருந்தார்கள். அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். இத்தனை வருடமும் வேலைக்குப் போகும் வழியில் அதன் முன்னால் இரண்டு நிமிடம் நிற்பாராம். அந்த இரண்டு நிமிடம் பற்றி மாமாவுக்கே அன்றுதான் தெரியும்.

"நின்னு என்னதான் பாத்தே?" என்று மாமா கேட்டார்.

"தெரியலங்க. அது பாட்டுக்கு இருந்துச்சு. பாத்தேன்."

முதலில் பத்து கப்பி மீன்கள் வாங்கினார். பதினைந்து நாளில் பத்தும் போயின. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அக்கா வாரம் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்றினார். கூழாங்கல்லை ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அந்த வீட்டில் செடிகளும் நின்றதில்லை. இலைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினால் எந்தச் செடி நிற்கும்? ஆனால் செடி போனபோது விழாத முகம், மீன் போனபோது விழுந்தது.

மாமா விளையாட்டாகத்தான் சொன்னார்: "டாக்டர் சரியாத்தான் சொல்லியிருக்கார். உன் கைபட்டா ஒரு உயிர் தப்பாது."

அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த வலையைக் கழுவி வைத்துவிட்டு, தன் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு மாமா அந்த வாக்கியத்தை வீட்டில் சொன்னதில்லை.

அடுத்த ஞாயிறு மூவரும் மீன்கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒல்லியான மனிதர். பேசும்போதும் ஒரு கை ஏதாவதொரு தொட்டிக்குள்தான் இருக்கும். சுவரோரத் தொட்டியில் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பாக ஏதோ கண்ணாடியைக் கவ்விக்கொண்டு கிடந்தது.

"அது என்னப்பா, பல்லியா?" என்றார் மாமா.

"சக்கர் சார். கெளுத்தி இனம். வாயாலயே ஒட்டிக்கும். கண்ணாடியில படியிற பாசியை வழிச்சுத் தின்னு சுத்தம் பண்ணும்."

சுத்தம் என்ற சொல் காதில் விழுந்ததுமே அக்கா இரண்டு அடி முன்னால் போனார்.

"அதுவே சுத்தம் பண்ணுமா? யாரும் சொல்லாமலா?"

"அதோட பொழப்பே அதானேம்மா."

"என்னங்க, நம்ம டிபார்ட்மென்ட் மீனுங்க இது!"

விரல் நீளக் குட்டி ஒன்றைக் கேட்டார். கடைக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். இந்தக் குட்டிதான் அந்த ஒரு முழமாக வளரும், மூன்றடித் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது என்றார். பிறகு மரக்கட்டை கிடந்த இன்னொரு தொட்டியைக் காட்டினார். அதில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட சின்ன சக்கர்கள். வயது வந்தாலும் உள்ளங்கை அளவைத் தாண்டாதாம். ஆண் மீனுக்கு மூக்கின் மேல் முள் முள்ளாக மீசை முளைத்திருந்தது.

மாமா குனிந்து பார்த்தார். "மீசை வாய்க்குக் கீழே இருக்கணும், இல்ல மேலே இருக்கணும். இவன் நெத்தி வரைக்கும் வெச்சிருக்கானே."

இரண்டு மீசைச் சக்கர்களும், தரையைக் கிளறித் தின்னும் கோரி என்ற குட்டிக் கெளுத்திகள் நான்கும் வாங்கினோம். சக்கருக்கு மரக்கட்டை கட்டாயம் வேண்டும், அதைச் சுரண்டித் தின்னும் என்றார் கடைக்காரர். கோரிக்கு மீசை தேயாமல் இருக்க மென்மையான மணல். மீன்களைக் கடையிலேயே விட்டுவைத்து, கட்டையையும் மணலையும் அக்கா மூன்று நாள் வேகவைத்தார். கட்டையிலிருந்து தேநீர் நிறத்தில் சாயம் இறங்கிக்கொண்டே இருந்தது. சாயம் நிற்கும்வரை அக்காவும் நிறுத்தவில்லை. அந்த மூன்று நாளும் எங்களுக்கு அடுப்பில் ஓர் ஓரம்தான்.

மீன்களைத் தொட்டியில் விட்டதும் சக்கர் இரண்டும் கட்டைக்கு அடியில் புகுந்துகொண்டன. வெளிச்சம் கண்டால் வெளியே வராத மீன் அது. அக்கா பகலிலேயே தொட்டிமேல் போர்வையைப் போர்த்தி, அதற்குள் தலையை நுழைத்துப் பார்ப்பார். நானும் நுழைத்தேன். இரண்டு தலைக்கு மேல் இடமில்லாததால் மாமா வெளியே நின்று, "என்ன பண்றான்? வேலைய ஆரம்பிச்சானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சக்கர் கண்ணாடியில் வாயை ஒட்டியிருந்தது. வட்டமான உதடு, உள்ளே மெல்லிய பற்கள், நிமிடத்துக்கு எத்தனை தடவை என்று எண்ண முடியாத அசைவு. தேய்த்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு இடம் மாறியது. அங்கேயும் தேய்த்தது. ஒன்றும் அகப்பட்ட மாதிரித் தெரியவில்லை. அகப்படாது. அக்கா காலையில்தான் அந்தக் கண்ணாடியைத் துடைத்திருந்தார்.

அப்போது எங்களுக்கு அது உறைக்கவில்லை.

இரண்டாம் வாரம் கோரி ஒன்று செத்தது. மறுநாள் இன்னொன்று. அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். மாடி ஏறி அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, நீங்க தண்ணி படிச்சவங்க. இந்தத் தண்ணியில என்னதான் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

எனக்கு உள்ளூரப் பெருமைதான், மறைக்கவில்லை. மறுநாளே மாதிரி எடுத்துப்போய், குடிதண்ணீருக்குச் செய்கிற சோதனை எல்லாவற்றையும் வரிசையாகச் செய்தேன். கிருமி இல்லை. கலங்கல் இல்லை. எஞ்சிய குளோரின் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அம்மோனியா என்று ஒரு கட்டம் தாளின் கடைசியில் இருந்தது. குடிக்கிறவர்களுக்கான வரம்புக்குள் வந்ததால் அதை நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை. 'தகுதியானது' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். அக்கா அந்தத் தாளைத் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டினார்.

மூன்றாம் நாள் மீசைச் சக்கர்களில் ஒன்று மல்லாந்து கிடந்தது. வயிறு உள்ளே ஒட்டிப்போயிருந்தது.

மாமா தாளைப் படித்தார். மீனைப் பார்த்தார். "குடிக்கத் தகுந்த தண்ணி, டிகிரி மாப்ள. அதுல வாழ்றதுக்குத்தான் தகுதி இல்லபோல."

பிறகு அக்காவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அவர் கோபப்படவில்லை. அதனால்தான் அது வலித்தது. "இங்க பாரும்மா. தினம் காலையில எழுந்ததும் எது மிதக்குதுன்னு பாக்குறே. பாத்துட்டு வேலைக்குப் போறே, சாப்பிடாம. எனக்கு இது பிடிக்கல. எங்க ஆபீஸ்ல வயர்மேன் ஒருத்தன் தொட்டி கேட்டான். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள மிச்சம் இருக்கிற மூணும் பிழைச்சா தொட்டி இங்க. இல்லன்னா அங்க."

அக்கா, "ஒரு மீசை, ரெண்டு கோரி" என்று மட்டும் சொன்னார், யாரிடமோ ஒப்படைக்கப் பொருள்களை எண்ணுவது போல. நாள்காட்டியில் இருபத்தாறு நாள் இருந்தது.

அன்றைக்கு மாலை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். எனக்குச் சங்கடமாக இருந்தது. கையெழுத்துப் போட்டவன் நான். பேச்சை மாற்ற நினைத்து, எங்கள் ஊர்க் குளத்தில் கெளுத்தி சேற்றுக்குள் கிடக்கும், கோடையில் கலங்கிய தண்ணீரில்கூடத் துள்ளும் என்று சொன்னேன்.

"அந்தக் குளத்தை யாரு கழுவுவா?" என்றார் அக்கா.

"குளத்தை யாருக்கா கழுவுவா?"

"யாருமே கழுவ மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

 இருவரும் ஒரே நேரத்தில் கூடத்துத் தொட்டியைத் திரும்பிப் பார்த்தோம். அது பளபளவென்று இருந்தது.

மறுநாள் கடைக்காரரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னோம். அவர் கையைத் தொட்டியிலிருந்து எடுத்தார். எடுத்து நாங்கள் பார்த்தது அன்றுதான்.

"ஃபில்டர் ஸ்பாஞ்சை எப்படிம்மா கழுவறீங்க?"

அக்கா நிமிர்ந்து நின்றார். "வாரா வாரம். மொதல்ல சோப்பு, அப்புறம் இருபது நிமிஷம் கொதிக்கிற தண்ணி. ஒண்ணுகூட மிச்சம் இருக்காது."

கடைக்காரர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "எம்மா, அந்த ஒண்ணுகள்தாம்மா மீனைக் காப்பாத்துறதே."

மீன் போடும் கழிவிலிருந்து அம்மோனியா வரும், கண்ணுக்குத் தெரியாது, மீனின் செவுளைச் சுட்டுவிடும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற நுண்ணுயிர்கள் ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கும். அக்கா வாரம் ஒருமுறை அந்தக் குடித்தனத்தையே அவித்து எடுத்திருக்கிறார். போதாததற்குக் குழாயில் வரும் குளோரின். வேதியியலில் நான் பரீட்சை எழுதிய பாடம்தான் அத்தனையும். ஆனால் கிருமி இல்லாத தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்லித்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அக்காவுக்கும் அப்படித்தான். கிருமியைக் கொல்லும் வேலைக்காரர்கள் இருவர் சேர்ந்து ஒரு தொட்டியைப் பார்த்துக்கொண்டோம். மீன் எங்கே தப்பும்?

"அப்புறம் அந்த சக்கர் பட்டினியில போயிருக்கு" என்றார் கடைக்காரர். "பாசியைத்தான் விடாம துடைச்சுட்டீங்களே. அதுக்குன்னு தனியா எதுவும் போட்டீங்களா?"

"அதான் வேலை செஞ்சு சாப்பிட்டுக்கும்னு சொன்னீங்களே."

"வேலையே வெக்காம நீங்களே எல்லாத்தையும் செஞ்சுட்டா?"

அவர் தன் பெரிய தொட்டியின் ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை உருவினார். பழுப்பும் கறுப்புமாகச் சேறு வடிந்தது. அதை அப்படியே பையில் போட்டு நீட்டினார். "இதை உங்க ஃபில்டருக்குள்ள வைங்க. இதுல எல்லாம் உயிரோட இருக்கு."

அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். "இதையா? எங்க வீட்டுக்குள்ளயா?"

"கழுவக் கூடாது."

"கொஞ்சமா, லேசா…"

"கழுவவே கூடாதும்மா!"

வழியெல்லாம் பையை நான்தான் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டில் அக்கா கையுறை போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஸ்பாஞ்சை ஃபில்டருக்குள் வைத்தார். தொட்டி முழுவதும் பழுப்பாகக் கலங்கியது. அக்கா சமையலறைக்குப் போய் நெடுநேரம் பாத்திரங்களைத் தேய்த்தார். எல்லாம் ஏற்கெனவே தேய்த்த பாத்திரங்கள்.

அதன் பிறகு வந்த நாட்களில் அக்கா செய்த பெரிய வேலை, ஒன்றும் செய்யாமல் இருந்ததுதான். முந்தின நாளே வாளியில் பிடித்துவைத்து, குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து விட்ட தண்ணீரைத் தினமும் இரண்டு குவளை மாற்றினார். வெள்ளரித் துண்டை லேசாக வேகவைத்து எவர்சில்வர் கரண்டியில் செருகி சக்கருக்கு வைத்தார். மற்றபடி கை வைக்கவில்லை. ஒரு வாரத்தில் பின்பக்கக் கண்ணாடியில் பழுப்புப் படிந்தது. பிறகு பச்சை. அக்கா துடைக்கும் துணியோடு வருவார், நிற்பார், ஜன்னல் கம்பியைத் துடைத்துவிட்டுப் போவார். ஜன்னல் கம்பி அந்த மாதம் மாதிரி என்றுமே மின்னியதில்லை.

"நீ வேணும்னா என் டூல் பாக்ஸைக் கழுவேன்" என்றார் மாமா ஒரு நாள் இரக்கப்பட்டு. அக்கா உடனே கழுவினார்.

இடையில் ஒரு கோரி திடீரென்று மேலே பாய்ந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போனது. அக்கா என்னைக் கூவி அழைத்தார். மூச்சுத் திணறுகிறதோ என்று எனக்கும் பயம். கடைக்காரருக்குப் போன் செய்தால், அந்த மீன் குடலாலும் மூச்சு விடும், எப்போதாவது இப்படி மேலே வருவது அதன் வழக்கம் என்றார். "குடலாலயா!" என்றார் அக்கா. அரை மணி நேரம் அடுத்த பாய்ச்சலுக்காகக் காத்திருந்தார். பாய்ந்ததும் என் தோளில் தட்டினார்.

நான் இம்முறை மீன்தொட்டிக்கென்றே விற்கும் அம்மோனியா சோதனைக் குப்பி வாங்கி வந்திருந்தேன். அக்கா இரண்டு நாளுக்கு ஒருமுறை தானே சோதித்தார். சொட்டுக் கணக்குத் தவறாது, நேரம் தவறாது. என் சோதனைக்கூடத்தில் அவ்வளவு சுத்தமாகக் கை வேலை செய்கிறவர் யாரும் இல்லை. முதலில் கரும்பச்சை, அதாவது விஷம் அதிகம். பிறகு பச்சை. அப்புறம் நாட்கணக்கில் அந்தப் பச்சை நகரவில்லை. கோரிகள் செவுளை வேகமாக அடித்தன. நான் அலுவலகத்தில் இருந்துகொண்டும் அந்த நிறத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. வயர்மேன் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். பத்து மணிக்கு அக்கா சொட்டு விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்திருந்துவிட்டுக் குப்பியைத் தூக்கினார். தூக்கியதும் முகம் வெளுத்தது.

"போச்சு தம்பி. மஞ்சள்."

நான் ஓடிப்போய் வாங்கிப் பார்த்தேன். வண்ண அட்டையில் வைத்துப் பார்த்தேன். சுத்தமான மஞ்சள். "அக்கா, மஞ்சள்னா விஷம் இல்லன்னு அர்த்தம்! அட்டையில பாருங்க, முதல் கட்டம்!"

அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் குக்கருக்குள் கிருமி வைத்த ஒரு சின்னக் குப்பியையும் சேர்த்து வேகவைப்பார்களாம். பிறகு எடுத்துச் சூட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஊதா நிறத்திலேயே இருந்தால் எல்லாம் செத்தது, கருவிகள் போகலாம். மஞ்சளாக மாறினால் உள்ளே ஏதோ பிழைத்திருக்கிறது. அத்தனை பொட்டலத்தையும் திரும்பப் பிரிக்க வேண்டும். பத்தொன்பது வருடத்தில் அக்கா மஞ்சளைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. அன்றைக்கு அழுதிருக்கிறார்.

"அப்போ இங்கயும் ஏதோ பிழைச்சிருக்குன்னுதான் காட்டுது" என்றார், குப்பியை வெளிச்சத்தில் பிடித்தபடி. நான் வேதியியல் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். தேவையில்லை என்று விட்டுவிட்டேன்.

வயர்மேன் சொன்ன நேரத்துக்கு வந்தார். கயிறு, பழைய மெத்தை, வெளியே ஒரு வண்டி, எல்லாம் தயார். கூடத்துக்குள் நுழைந்தவர் தொட்டியைப் பார்த்ததும் நின்றார். பின்கண்ணாடி முழுக்கப் பச்சை. கட்டைமேல் பூஞ்சை மாதிரி ஒரு படலம். மூலையில் மணலோடு குப்பை.

"என்னண்ணே, அக்கா வீட்லயா இப்படி?" என்றார் வாய்விட்டு. "தொட்டி சுத்தமா இருக்கும்னு நினைச்சேன். நாறிப்போய்க் கிடக்கே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவைப் பார்த்து இப்படி ஒரு சொல் சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. மாமா சட்டென்று ஏதோ சொல்ல வந்தார். அக்காவின் காது மடல் சிவந்தது, கை தானாகத் துணியைத் தேடியது. தேடிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும்பா. அது எங்க மீனுக்குச் சோறு."

"சோறா?"

"உக்காருங்க. காட்டுறேன்."

போர்வையைக் கொண்டுவந்து தொட்டிமேல் போட்டார். வயர்மேனின் தலையைக் கிட்டத்தட்டப் பிடித்து உள்ளே நுழைத்தார்.  பிறகு போர்வைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணே! இதுக்கு மூஞ்சியெல்லாம் மீசைண்ணே!"

"தெரியும்" என்றார் மாமா. "பச்சையில கோடு கோடா வழிச்சிருக்கான் பாரு. நேத்து அந்த மூலை, இன்னிக்கு இந்த மூலை. ரெண்டு மணிக்கெல்லாம் ஃபில்டர் பக்கம் போயிடுவான். கோரி ரெண்டும் அவன் பின்னாடியே போகும்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். அக்கா வேலைக்குப் போயிருக்கும் பகல் நேரங்களில், லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைகளுக்கு இடையே, மாமா வீட்டுக்கு வந்து போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. மாமா எங்கள் இருவரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய், வயர்மேன் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"தொட்டிண்ணே?" என்றது போர்வை.

"கடையில புதுசு வாங்கிக்கோ. நானே கூட வர்றேன்."

அக்கா அடுப்பில் எல்லாருக்கும் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார். நாங்கள் குடித்து முடிக்கும்வரை வயர்மேன் வெளியே தலையை எடுக்கவில்லை. போகும்போது, புதுத் தொட்டிக்கு வைக்க அழுக்கு ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார். அக்கா வெறுங்கையை ஃபில்டருக்குள் விட்டு, பழுப்புச் சேறு முழங்கை வழியாக வடிய, கத்தரியால் ஓர் ஓரத்தை வெட்டி எடுத்துப் பையில் போட்டுக் கட்டினார்.

"கழுவிடாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.